விளக்கை அணைத்த ஆமை

எங்கள் குழி அடைக்கும் லாரியை ஓட்டுபவரை எல்லாரும் ஆமை என்றுதான் கூப்பிடுவோம். கோபம் வந்தால் அவருடைய வீட்டுக்காரம்மாவும் அப்படித்தான் கூப்பிடும். இருபத்தெட்டு வருஷமாக, மனுஷன் நடக்கிற வேகத்துக்கு மேல் அவர் வண்டியை விட்டதில்லை. பின்னால் தார் வாளியும் மண்வெட்டியுமாக நாங்கள் மூன்று பேர் நடப்போம். அவர் கொஞ்சம் அழுத்தினாலும் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிடும்.

லாரியின் தலையில் ஒரு மஞ்சள் சுழல்விளக்கு உண்டு. ஆமைக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே சலுகை அதுதான். அது சுற்றினால் ஒருவழிப் பாதையில் எதிர்த்துப் போகலாம், நிற்கக் கூடாத இடத்தில் நாள் பூராவும் நிற்கலாம், ஒரு போலீஸ்காரரும் வாய் திறக்க முடியாது. விளக்கு நின்றால் சலுகையும் நின்றது. இதைக் கேள்விப்பட்ட என் மச்சான் ஒரு மஞ்சள் விளக்கை வாங்கித் தன் ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு திரிந்து, ஒரு நாள் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அது வேறு கதை.

சட்டத்தில் இல்லாத ஒரு வழக்கமும் எங்களிடம் உண்டு. குறுகலான தெருவில் எதிரே ஆம்புலன்ஸ் வந்தால் எங்கள் விளக்கை அணைத்துவிட்டு ஓரம் கட்டுவோம். விளக்கு சுற்றினால் கார்க்காரர்கள் மிரண்டு நட்டநடுவில் நின்றுவிடுவார்கள், ஆம்புலன்சும் மாட்டிக்கொள்ளும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. குழி அடைக்கிற டிரைவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

அன்றைக்கும் ஆமை அதைத்தான் செய்தார். ஒருவழிப் பாதையில் எதிர்த்துப் போய்க்கொண்டிருந்தோம். சைரன் கேட்டது. விளக்கை அணைத்தார், ஒதுங்கினார். ஆம்புலன்ஸ் டிரைவர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் பறந்தார். கம்பத்துக் கேமரா சரியாக அந்த நேரத்தில்தான் கண் சிமிட்டியிருக்கிறது. பத்து நாள் கழித்துப் படம் வீட்டுக்கு வந்தது. தப்புத் திசையில் லாரி, செத்த விளக்கு. ஆம்புலன்சின் வால்கூடப் படத்தில் இல்லை.

ஏற்கெனவே அவர் லைசென்சில் இரண்டு அபராதக் குறி இருந்தது. மூன்றாவது விழுந்தால் ஒரு வருஷம் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. ஓய்வு பெறப் பதினொரு மாசம்தான் பாக்கி. ஆக, இந்தக் குறி விழுந்தால் அந்த லாரியை அவர் இனி ஓட்டப்போவதே இல்லை.

"ஊர்ல உள்ளவன் எல்லாம் பறக்கறான், ஒருத்தனும் மாட்டல. ஊர்ந்து போயி மாட்டின ஒரே ஆளு நீங்கதான்," என்றது வீட்டுக்காரம்மா.

"விடுடி. அலுப்பா இருக்கு."

"அலுப்பா இருந்தா? போயி அந்த ஆம்புலன்ஸ்காரனைப் பிடிங்க."

போக்குவரத்து அலுவலகத்திலும் அதையேதான் சொன்னார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி கொட்டாவியை மென்றுகொண்டே, "நோயாளியோட அந்தத் தெருவுல வந்தேன்னு அவர் ஒரு கையெழுத்துப் போடட்டும், இதைக் கிழிச்சுப் போட்டுடறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள," என்றார்.

நானும் ஆமையும் மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கினோம். எல்லா இடத்திலும் மாடிப்படி, எல்லாப் படியிலும் ஆமையின் முழங்கால் கடகடவென்று சத்தம் போட்டது. மூன்றாவதின் பின்கட்டில் ஸ்ட்ரெச்சரைக் கழுவிக்கொண்டிருந்தார் அந்த டிரைவர். நாற்பத்தைந்து வயசு இருக்கும். கண்ணுக்குக் கீழே இரண்டு பை.

"தம்பி, உங்களுக்காக விளக்கை அணைச்சேனே, ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமாண்ணே?"

"அப்ப இதுல ஒரு கையெழுத்து."

அவர் தாளைப் படித்தார். திரும்பவும் படித்தார். குழாயை மூடினார்.

"பின்னாடி யாருமே இல்லண்ணே."

"என்னது?"

"காலி வண்டி. அன்னிக்குக் காலைலேர்ந்து ஆறு ட்ரிப்பு. ரெண்டாவதுலேர்ந்தே அடக்கிட்டிருந்தேன். எனக்குச் சர்க்கரை. இங்க கக்கூஸுக்குப் பூட்டு, ரிப்பேராம். என் வீடு அந்தத் தெருவுக்கு அடுத்த தெரு. வேற வழி தெரியல, சைரனைப் போட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆமையும் அந்த டிரைவரும் சிரிக்கவில்லை.

"வீடு போய்ச் சேந்தியா?" என்று கேட்டார் ஆமை.

"இல்லண்ணே. தெருமுனையிலயே..."

டிரைவர் தாளைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னார்.

"நோயாளி இல்லாம சைரன் போட்டது தெரிஞ்சா வேலை போயிடும். சர்க்கரைன்னு தெரிஞ்சா எங்கயும் வண்டி தர மாட்டான். ரெண்டு பொண்ணு படிக்குது. ஆனா நீங்க எனக்காகத்தான மாட்டினீங்க. குடுங்க, போடறேன்." பேனாவுக்காகச் சட்டைப் பையைத் தடவினார்.

ஆமை தாளை அவர் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தார். "நீ போட்டா உன் ட்ரிப்பு நோட்டைக் கேப்பான். வேணாம். நான் உன்னைப் பாக்கவே இல்ல."

வெளியே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "என்னண்ணே, பைத்தியமா உங்களுக்கு?"

"எனக்குப் பதினொரு மாசம்டா. அவனுக்கு இன்னும் பதினஞ்சு வருஷம் கிடக்கு. கேக்கவே களைப்பா இல்ல?"

வீட்டில் என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. மூன்று நாள் அவர் சாப்பாட்டு டப்பாவில் வெறும் ரொட்டி இருந்தது, நானாகப் புரிந்துகொண்டேன்.

லாரி வேறொருவர் கைக்குப் போனது. ஆமையின் கையில் ஒரு பலகையைக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் 'நில்', மறுபக்கம் 'போ'. பாதி ரோட்டைத் தோண்டியிருக்கும்போது, ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்தி மறுபக்கத்தை விடவேண்டும். வெயிலில் எட்டு மணி நேரம் நிற்கிற வேலை. ஓட்டும்போதாவது உட்கார்ந்திருந்தார்.

போன வாரம் வரிசையில் அந்த ஆம்புலன்ஸ் வந்தது. சைரன் இல்லை, விளக்கு இல்லை. ஒரு மீன் லாரிக்குப் பின்னால், எல்லாரையும் போல ஒழுங்காக நின்றது. எங்கள் பக்கம் 'நில்' விழுந்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை. டிரைவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஆமை அந்த முகத்தைப் பார்த்தார். எதிர்ப்பக்கத்துக்கு விசிலடித்து நிறுத்திவிட்டு, பலகையை 'போ' என்று திருப்பினார். எதிரே பத்து ஹாரன் ஒன்றாக அலறியது.

"யோவ், எங்க முறைய்யா!" என்று ஒரு கார்க்காரர் தலையை நீட்டினார்.

"ஆம்புலன்ஸ் தெரியல? சட்டம்," என்றார் ஆமை.

ஆம்புலன்ஸ் கடந்து போனது. நான் எட்டிப் பார்த்தேன். பின்னால் ஸ்ட்ரெச்சர் காலி.

"நோயாளி எங்கண்ணே?"

ஆமை பலகையை மெதுவாகத் திருப்பினார்.

"ஓட்டிட்டுப் போறான்."