ஆறு மாதம் இல்லாத கடவுச்சீட்டு

கொரோனா அடங்கி விமானங்கள் பறக்கத் தொடங்கியதும், திருச்சியில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா, "எப்ப வர்ற?" என்று கேட்க ஆரம்பித்தாள். கடலுக்கு இந்தப் பக்கம் பிலிமத்தலாவையில் கடை வைத்திருக்கும் என் கணவரோ, "பொறு, இன்னொரு அலை வருதாம்" என்பார். ஊரே போய் வந்தது. அக்கா மகளின் கல்யாணத்தைக்கூட நாங்கள் கைப்பேசியில்தான் பார்த்தோம்.

அக்காவுக்கு இடுப்பில் ஆபரேஷன் என்றதும் அழுது சண்டை போட்டேன். ஒருவழியாக டிக்கெட் எடுத்தார். ஒரு பெட்டி முகக்கவசம், ஆவி பிடிக்கும் கருவி எல்லாம் பையில் ஏறின.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண், "மிஸ், உங்கட பாஸ்போர்ட் சரி. உங்கட ஹஸ்பண்ட் சேருக்கு முடிய நாலு மாசந்தான் இருக்கு, ஆறு மாசம் வேணும். அவருக்குப் போக ஏலாது" என்றாள்.

"நீயாவது பார்த்திருக்கக் கூடாதா?" என்று அவர் என்மேல் பாய்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் பார்க்கவில்லை என்பது உண்மைதான்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. நான் போறேன்" என்றேன். முதல் தடவையாகத் தனியாக விமானம் ஏறினேன். ஆபரேஷன் முடிந்து அக்கா கண் விழித்தபோது பக்கத்தில் இருந்தேன்.

இப்போதெல்லாம் போகலாமா என்று நான் வீட்டில் கேட்பதில்லை. அலை ஏதும் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்கிறேன், இரண்டு கடவுச்சீட்டிலும் திகதி பார்க்கிறேன், புறப்படும் நாளை அவரிடம் சொல்லிவிடுகிறேன்.