மாமா செதுக்கிய புல்

என்னுடைய பூந்தோட்டத்தை ஒரே பகலில் மொட்டையடித்த மாமாவின் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நடந்ததைக் கேட்டால் நீங்களும் என் பக்கம்தான் நிற்பீர்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் இருந்த எங்கள் வீட்டின் பின்வளவு ஒரு வகுப்பறை அளவுதான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு பாக்கெட் காட்டுப்பூ விதை கொடுத்து, வீட்டில் விதைத்து, மே மாத முடிவில் பூத்ததும் படமெடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். படங்களை வகுப்புச் சுவரில் ஒட்டுவார்களாம். நான் விளையாட்டுக்குச் செய்யவில்லை. கணக்குக் கொப்பியின் கட்டங்களை எண்ணித் திட்டம் கீறினேன். நடுவில் சிவப்புப் பொப்பி, சுற்றிவர நீலப்பூ, வேலியோரம் வெள்ளை டெய்சி. புல்வெட்டும் மெஷின் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று அப்பாவிடம் வாக்கும் வாங்கினேன். இரவு ஷிப்ட் முடிந்து வந்து கட்டிலில் விழுந்தால் போதும் என்றிருந்த மனிதர், ஒரு வேலை குறைந்தது என்று உடனே சம்மதித்தார்.

மே நடுப்பகுதியில் புல்லும் செடியும் என் முழங்காலுக்கு வந்துவிட்டன. பொப்பி மொட்டுகள் மயிர் மூடிய தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு அவற்றை எண்ணுவேன். பதினொன்று. ஒன்றில் மெல்லிய சிவப்புக் கீறல்கூடத் தெரிந்தது.

மாமா அம்மாவின் தம்பி. அந்தக் குளிர்காலத்தில்தான் ஊரிலிருந்து வந்து எங்கள் முன்னறைச் சோபாவில் படுக்கத் தொடங்கியிருந்தார். அகதிக் கேஸ் முடியும்வரை வேலை செய்ய அனுமதி இல்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை குரோய்டனில் இருந்த குடிவரவுக் கந்தோருக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருவார். மற்ற நாட்களில் கழுவிய கோப்பைகளைத் திரும்பவும் கழுவுவார். ஆனால் புல்லில் மட்டும் கால் வைக்க மாட்டார். உடுப்புக் காயப்போடும்போது சீமெந்துக் கல்லில் நின்றபடியே கொடியை எட்டிப் பிடிப்பார். கிளிப் புல்லுக்குள் விழுந்தால் விழுந்ததுதான். பெரிய துரை, காலில் ஈரம் படக்கூடாதாக்கும் என்று நான் மனதுக்குள் திட்டுவேன்.

ஒருநாள் மொட்டு எண்ணிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, “பிள்ளை, உதுக்குள்ள போகாதை” என்றார்.

“லண்டனில பாம்பு இல்லை மாமா.”

“ஓம், தெரியும்” என்றார். தெரிந்தால் பிறகென்ன?

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்து பின்கதவைத் திறந்தேன். தோட்டம் இல்லை. வேலியிலிருந்து வேலிவரை வெறும் மண். ஒரு புல் இல்லை, ஒரு மொட்டு இல்லை. போதாததற்கு அந்த மண்ணை ஈர்க்கில் விளக்குமாற்றால் கூட்டியும் விட்டிருந்தார். மண்ணில் அரைவட்டம் அரைவட்டமாகக் கோடுகள். லண்டனில் யாராவது மண்ணைக் கூட்டுவார்களா? மூலையில் கறுப்புப் பைகள் நான்கு, வாய் கட்டி, ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றுக்குள் என் பதினொரு மொட்டுகளும் கிடந்தன. மாமா ஒரு பழைய திரைச்சீலைக் கம்பியைச் சரிவாகப் பிடித்து, சாண் சாணாக மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“இனி எங்க வேணுமெண்டாலும் ஓடி விளையாடு.”

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு யன்னல் திறந்தது. விசாரணையாவது நடக்கும் என்று பார்த்தால், அப்பா எட்டிப் பார்த்து வளவு நல்ல கிளீனாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மேலே படுக்கப் போனார். அம்மாவோ என்னைத்தான் ஏசினார். மாமாவோடு அப்படிக் கத்தக் கூடாதாம். நாசம் செய்தவருக்கு முட்டைப் பொரியல், நாசமாய்ப் போனவளுக்கு ஏச்சு! அன்று நான் சாப்பிடவில்லை. மாமாவும் சாப்பிடவில்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. வகுப்புச் சுவரில் என் பெயருக்கு மேலே மட்டும் இடம் வெறுமையாக இருந்தது. அதையும் மாமாவின் கணக்கில் எழுதினேன்.

மாமா சமாதானத்துக்கு வந்தார். கயிறு கட்டி மிளகாய்க் கன்றுகளை நேர்வரிசையில் நட்டு, அது முழுக்க உனக்குத்தான் என்றார். மிளகாயைப் படமெடுத்து நான் யாருக்குக் காட்டுவது? பழிவாங்க நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கள் இருவரையும் பக்கத்திலிருந்த பெரிய புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பாதையின் இரு பக்கமும் புல் இடுப்பளவு நிற்கும். அப்பா ஐஸ்கிரீம் வாங்கப் போன நேரம் பார்த்து, என் பந்தை வேண்டுமென்றே புல்லுக்குள் உதைத்தேன்.

“மாமா, எடுத்துத் தாங்கோ.”

அவர் அசையவில்லை. பந்து போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்களுக்குப் புல்லெண்டாலும் பயம்! பயந்தாங்கொள்ளி!” என்று நாலுபேர் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். பிறகு நானே எடுக்கிறேன் என்று ஒரு கால் வைத்தேன். மாமா என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் தோள் கழன்றதுபோல் இருந்தது.

“நில். அசையாதை.”

அவரே போனார். கையிலிருந்த குடையின் நுனியால் முன்னால் குத்திக் குத்தி, ஒவ்வோர் அடியாக. வெயிலே இல்லாத அந்த நாளில் அவருடைய சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. பந்தை எடுத்ததும் திரும்பி, தான் போன காலடிகளிலேயே கால் வைத்துத் திரும்பி வந்தார். சின்னப்பிள்ளைகள் விளையாடுவதைப்போல இருந்தது எனக்கு. வயிறு நோகச் சிரித்தேன்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது, அம்மாவின் தங்கச்சியான சின்னம்மா எங்களைப் பார்க்க லண்டன் வந்தார். ஊரிலிருந்து வந்த படங்களிலெல்லாம் அவர் கதிரையில் உட்கார்ந்துதான் இருப்பார். கால் வருத்தம் என்று சொல்லியிருந்தார்கள். வந்த அன்று பின்னேரம் சப்பாத்தைக் கழற்றுவதுபோல இடது காலைக் கழற்றிச் சோபாவின் பக்கத்தில் வைத்தார். ஊரில் சண்டை முடிந்து வீடு திரும்பிய முதல் நாள் காலையில், முற்றத்தில் மண்டிக் கிடந்த புல்லைக் கடந்து சாமிக்குப் பூப் பறிக்கப் போயிருக்கிறார். மிதிவெடி. வாசலில் நின்ற மாமாதான் போய்த் தூக்கி வந்தாராம், சின்னம்மாவின் காலடிகளின் மேலேயே கால் வைத்து.

இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சின்னப்பிள்ளைக்கு எதற்கு என்று மறைத்தார்களாம். இன்றைக்கும் எனக்கு அடங்காத கோபம் அதுதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பந்தை நான் உதைத்திருப்பேனா?

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்கு ஓடினேன். மாமாவின் விரல்கள் பதிந்து சிவந்திருந்த என் கையை அம்மாவிடம் நீட்டினேன். நான் புல்லுக்குள் கால் வைத்ததற்காக இப்படிச் செய்தவர் என்று முறைப்பாடு சொன்னேன். அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு என் கையைத் தடவினார். தடவிக்கொண்டே அழுதார். கடைசியில் என் பக்கம் நியாயம் கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று எனக்குப் பெரிய சந்தோஷம்.