டோக்கன் எங்கே?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு டோக்கனுக்காகச் சண்டை போட்டேன் பிள்ளைகளே. சும்மா சண்டை இல்லை. எனக்குப் பின்னால் நின்ற மொத்த வரிசையும் என்னைத் திட்டுகிற அளவுக்கு!

எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் வெல்டர். காலையில் கேட்டில் ஆதார் கார்டைக் கொடுத்தால், எண் அடித்த ஒரு டோக்கனைத் தருவார்கள். சாயங்காலம் டோக்கனைக் கொடுத்துவிட்டுக் கார்டை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பல வருஷப் பழக்கம்.

அன்றைக்கு செக்யூரிட்டி ஆள் புதுசு.

"டோக்கன் தீந்துபோச்சு நைனா. கார்டை வச்சிட்டுப் போ. சாய்ங்காலம் வந்து வாங்கிக்கோ."

"அதெல்லாம் ஆவாது. டோக்கன் குட்த்தா கார்டு. இல்லாங்காட்டி இங்கயே நின்னுகினு இருப்பேன்."

பின்னால் நின்ற பாஸ்கருக்குப் பொறுக்கவில்லை. என்னோடு வேலை செய்கிற தோஸ்து. வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"இன்னா மாமு பேஜாரு பண்ற? கார்டுல கீற உன் மூஞ்சிய எவன் திருடப் போறான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் நகரவில்லை. கடைசியில் அந்தப் புது ஆள் மேஜையைக் குடைந்து, மூலை உடைந்த ஒரு பழைய டோக்கனை எடுத்து என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்டு நாலு அடி நடந்திருப்பேன்...

சுருக்கென்றது. நேற்று மதியம் என் மகளிடம் நான் என்ன சொன்னேன்?

நித்யா பி.காம் முடித்திருக்கிறாள். அரசாங்க வேலைக்கான பரீட்சைக்குப் படிக்கிறாள். காலையில் பயிற்சி வகுப்பு, மதியம் சும்மா. அந்த நேரத்தில் வீட்டிலிருந்தே ஏதாவது வேலை செய்தால், வகுப்புக் கட்டணத்துக்கு அப்பாவை எதிர்பார்க்க வேண்டாமே என்று அவளுக்கு ஓர் ஆசை. போனில் ஒரு டைப்பிங் வேலை வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது கேட்டாள். "ஆதாரு, பேங்க் பாஸ்புக்கு எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பணுமாம்பா. கம்பெனி பேரு கூட சரியா சொல்ல மாட்றாங்க. இன்னா பண்றது?"

நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னேன். "வேலைன்னா அப்டித்தான் கேப்பாங்க. நான் கேட்ல தெனம் குடுக்கல? அந்த செக்யூரிட்டி பேரு எனக்கின்னா தெரியுமா? அனுப்பும்மா."

நான் கார்டு கொடுத்ததை மட்டும் சொன்னேன். டோக்கன் வாங்கியதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை பிள்ளைகளே... தினமும் கையில் வாங்குகிற ஒன்று, அதனாலேயே ஞாபகத்துக்கு வரவில்லை.

அங்கேயே நின்று போன் போட்டேன்.

"நித்யா, அந்த ஆதாரு..."

"காலைல எழுந்ததுமே அனுப்பிட்டேன்பா. பாஸ்புக்கும் போயிடுச்சு. இப்ப போனுக்கு ஒரு ஓடிபி வந்துகீது. அத்த சொல்லச் சொல்றாங்க."

"சொல்லாத!"

நான் கத்திய கத்தலில் பாஸ்கரே வாயை மூடிக்கொண்டான்.

"இன்னாப்பா நீ! நேத்து நீதானே அனுப்புன்னு சொன்ன?"

"ஆமா, சொன்னேன். தப்பா சொல்லிட்டேன். உன் கார்டு அவங்க கைல கீது. அவங்களோடது உன் கைல இன்னா கீது? டோக்கன் எங்க?"

"இருப்பா, கேட்டுட்டு சொல்றேன்" என்று போனை வைத்தாள்.

என் பெண் கெட்டிக்காரி. உடனே அவர்களுக்கு எழுதிக் கேட்டாள்: உங்கள் ஆபீஸ் எங்கே இருக்கிறது? வீடியோ காலில் ஒரு தடவை முகம் காட்டிப் பேச முடியுமா?

பதில் வந்தது. 'உடனே ஓடிபி அனுப்பாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.' அவள் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். அவ்வளவுதான்... அவர்கள் பேசிக்கொண்டிருந்த அந்த போன் கணக்கே காணாமல் போய்விட்டது.

நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு பேங்குக்கு ஓடினேன். "நம்பர் சொல்லாம இருந்தீங்களே, பொழைச்சீங்க" என்றார் அங்கிருந்த அம்மா. பேங்க் கணக்கிலிருந்து பணம் எதுவும் போகவில்லை. வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி ஆதாரைப் பூட்டி வைக்கவும் வழி சொல்லிக் கொடுத்தார்.

ஆனால் அந்தப் போட்டோ? இன்னும் எங்கேயோ, யாரிடமோ இருக்கிறது. அதைத் திருப்பி வாங்க எந்தக் கேட்டில் போய் நிற்பது?

நித்யா ரெண்டு நாள் போனையே தொடவில்லை. அப்புறம் அவளாகவே ஆரம்பித்தாள். வேலை கொடுக்கிறவர், செய்கிறவர் இரண்டு பேரையும் பற்றி மற்றவர்கள் எழுதி வைத்திருக்கிற ஓர் இணையதளத்தில், தான் டைப் செய்த பக்கங்களை மாதிரிக்குப் போட்டாள். வேலை கேட்ட எல்லா இடத்திலிருந்தும் பதில் வரவில்லை. வந்த சிலதை இவளே வேண்டாமென்று தள்ளினாள்.

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா பேசினார். பேச்சுப் பதிவுகளைக் கேட்டுத் தமிழில் டைப் செய்து தர வேண்டும். தன் பெயர், முகவரி, இதற்கு முன் தன்னிடம் வேலை செய்தவர்கள் எழுதியது எல்லாவற்றையும் முதலில் அவரே காட்டினார். சம்பளப் பணத்தைத் தளத்திலேயே கட்டி வைத்தார். வேலை முடிந்ததும் அது நித்யாவுக்கு வந்துவிடும். ஆதாரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னாள். "அப்பா, இவங்க டோக்கன் குட்த்துட்டாங்கப்பா!"

பிள்ளைகளே, நாளைக்கு நீங்களும் வேலை தேடுவீர்கள். எங்கள் யார்டு மாதிரி கேட்டோ டோக்கனோ இல்லாத இடத்தில், போனில் தேடுவீர்கள். 'உன்னைப் பற்றி எல்லாம் சொல்' என்று கேட்பவர், தன்னைப் பற்றி என்ன சொன்னார் என்று பாருங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்டதற்குக் கோபப்படுகிற இடத்தில் நமக்கு வேலையும் இல்லை.

அப்புறம், பாஸ்கரு... அந்த மூஞ்சியத் திருடவும் ஆளு கீறான் மாமு!