சாப்பிடத் தகுந்த எட்டு இடங்கள்

கல்லூரி மாணவர் அலுவலகத்துக் குமாஸ்தா எழுதியவற்றில் யாராவது படித்தது ஒன்றே ஒன்றுதான். விடுதி விண்ணப்பம், தொலைந்த அடையாள அட்டை, சைக்கிள் நிறுத்த அனுமதி எல்லாம் அவர் மேஜை வழியாகத்தான் போயின. போனதோடு சரி. ஆனால் ஒவ்வொரு கல்வியாண்டும் தொடங்கும் முன் அவர் தயாரிக்கும் ஒற்றைத் தாள், 'சாப்பிடத் தகுந்த எட்டு இடங்கள்', புதிதாக ஊருக்கு வரும் அத்தனை மாணவர் கையிலும் இருக்கும். பின்பக்கத்தில் தீயணைப்பு விதிகள் அச்சாகியிருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

பத்தொன்பது வருடங்களாக எழுதுகிறார். ஒரு இடத்துக்கு மூன்று முறை போவார். தனியாகப் போய், சமையலறைக் கதவை ஒட்டிய மேஜையில் உட்கார்ந்து, இருப்பதிலேயே மலிவானதைச் சொல்வார். மலிவானதை ஒழுங்காகச் செய்கிறவன் மற்றதைக் கெடுக்க மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. ஒரு கடைக்கு இரண்டு வரிக்கு மேல் எழுத மாட்டார். 'மீன் வறுவல் நன்று. பியர் குளிர்ந்திருக்காது.' 'முட்டை நன்று. முதலாளி பேசுவார், பதில் சொல்ல வேண்டியதில்லை.'

பட்டியலில் ஒருபோதும் வராத கடைகளில் ஒன்று அவருடைய மைத்துனனுடையது.

மனைவியின் தம்பி கல்லூரியின் பின்வாசலுக்கு எதிரே, சாப்பாட்டுக்கடையும் பாரும் சேர்ந்த ஓர் இடம் நடத்தினான். பெரிய ஜன்னல்கள், முதுகு வலிக்காத நாற்காலிகள். கடையின் பெருமை உருளைக்கிழங்கு சூப் என்பது அவன் கட்சி. சூப்பில் கெட்டிக்குப் போடும் மாவு வேகவில்லை என்பது இவர் கட்சி. கடை திறந்த வருடம் அதை வாய்விட்டுச் சொன்னார். அப்புறம் பதினொரு வருடமாகச் சொல்வதில்லை. மாவும் வேகவில்லை.

"ஊர்ல இருக்கிற யார் யாரையோ போடறீங்க. என் கூடப் பிறந்தவன் மட்டும் உங்க கண்ணுக்குத் தெரியமாட்டான்" என்பாள் மனைவி.

"கண்ணுக்குத் தெரியறான். நாக்குக்குத்தான் ஒத்துவரல."

இந்த வருடம் அவருக்குப் பத்து நாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு, புளிப்பு, இனிப்பு தெரிந்தன. வேறெதுவும் தெரியவில்லை. காபி வெந்நீராக இருந்தது. ரொட்டி பஞ்சாக இருந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "திரும்ப வரலாம்" என்றார். எப்போது என்று கேட்டதற்கு, "வராமலும் போகலாம்" என்றார்.

தாள் அச்சுக்குப் போக மூன்று வாரம் இருந்தது. வெளியே சொன்னால் பட்டியல் வேறு மேஜைக்குப் போகும். வேறு மேஜை என்றால் பக்கத்து மேஜை. அதில் இருப்பவர் கேன்டீன் சாப்பாட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர். குமாஸ்தா யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை; அவளிடம் சொன்னால் வரிசையில் நிற்கிறவர்களிடமும் சொன்னதாகிவிடும்.

ஏழு கடைகளைப் பழைய குறிப்பை வைத்துச் சமாளித்துவிடலாம். எட்டாவது கடை போன மாதம் மூடிவிட்டது. காலியான இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும். நாக்கு வேலை செய்யாதபோது மைத்துனனை மறுக்கவும் காரணம் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. மூன்று முறை போக வேண்டும் என்ற விதியை மட்டும் விடவில்லை. முதல் இரண்டு முறையும் சூப் சூடாக இருந்தது, உப்பு அளவாக இருந்தது. குறை எதுவும் தென்படவில்லை.

மூன்றாவது முறை போனது ஒரு மதியம். சூப் வந்தது. அவர் குடிக்க ஆரம்பித்ததும் ஜன்னலோரத்தில் இருந்த பெண் எழுந்து ஜன்னலைத் திறந்தாள். அவள் தோழி அடுத்த ஜன்னலைத் திறந்தாள். புழுக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். இரண்டு பேர் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் மேஜைக்குப் போனார்கள். 'நல்ல காற்றோட்டம்' என்று நோட்டில் எழுதினார்.

கிண்ணம் காலியான சமயத்தில் மைத்துனன் சமையலறையிலிருந்து ஓடிவந்தான்.

"அத்தான், அதைத் தொடாதீங்க! அடிப்பிடிச்சுப்போச்சு. வேற வெச்சிருக்கேன், அரை மணி பொறுங்க."

"முடிச்சிட்டேனே" என்றார் அவர். "நல்லாத்தான் இருந்தது. இந்த வருஷம் போட்டுடறேன்."

மைத்துனன் கிண்ணத்தை எடுத்து முகர்ந்தான். முகத்தைச் சுளித்தான். பிறகு அதை அவர் மூக்குக்கு அடியில் நீட்டினான்.

"என்ன வாசனை வருது?"

"சூப் வாசனை."

"அத்தான்."

"உருளைக்கிழங்கு."

"பஸ் ஸ்டாப்ல நிக்கிறவன்லாம் தீ பிடிச்சுதான்னு திரும்பிப் பார்க்கிறான். உங்களுக்கு உருளைக்கிழங்கு வாசனையா?"

அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை. காய்ச்சலிலிருந்து டாக்டரின் டார்ச் வரை சொன்னார்.

மைத்துனன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். "நாக்கு இருந்தவரைக்கும் மாவு வேகல. நாக்கு செத்ததும் போட்டுடறீங்க. அப்படித்தானே?"

"உங்க அக்கா..."

"அக்கா பேரைச் சொல்லிப் போடற பிச்சை எனக்கு வேண்டாம். என் கடை பேர் அந்தத் தாள்ல வந்துதோ, எங்க அத்தானுக்கு மூக்கு இல்லைன்னு வாசல்ல போர்டு எழுதி வைப்பேன்."

குமாஸ்தா யோசித்தார்.

"அப்ப நீ என் கூட வா. எல்லாக் கடைக்கும். நாக்கு உன்னுது, கை என்னுது."

பதினொரு வருடமாக மைத்துனன் வேறு கடையில் கால் வைத்ததில்லை. போனால் வேவு பார்க்க வந்தவன் என்று நினைப்பார்கள் என்பான். ஆனால் மற்றவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் வாய்ப்பை விட அவனுக்கு மனம் வரவில்லை. மறுநாளிலிருந்து, கடையில் கூட்டம் குறையும் நாலு மணிக்குக் கிளம்பினார்கள்.

முதல் கடை மீன் வறுவல். "எண்ணெய் பழசு" என்றான். இரண்டாவது கடையில் முட்டை. "கொன்னுட்டான்" என்றான். மூன்றாவது கடையில் சாப்பாடு வரும் முன்பே தண்ணீர் சரியில்லை என்றான்.

"இப்படியே போனா தாள்ல தீயணைப்பு விதி மட்டும்தான் மிஞ்சும்" என்றார் குமாஸ்தா.

"நான் என்ன செய்யட்டும்? உள்ளதைச் சொல்றேன்."

ஆனால் முதல் கடையில் குறை சொல்லிவிட்டு மீனின் வாலைக்கூட விடாமல் தின்றிருந்தான். குமாஸ்தா அதற்குப் பிறகு அவன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்க்க ஆரம்பித்தார். ஆறு கடைகளில் தட்டு வழித்து வைத்ததுபோல இருந்தது. ஒரே ஒரு கடையில் மட்டும், "பரவாயில்ல, நல்ல மனுஷன்" என்று சொல்லிப் பாதியை ஒதுக்கிவைத்தான். குமாஸ்தா அந்தக் கடையைப் பட்டியலிலிருந்து அடித்தார். இப்போது இரண்டு இடம் காலி.

கடைசி நாள், மூன்று முறை போக நேரமில்லாததால் விதியைத் தளர்த்தி, விடுதிக்குப் பின்னால் இருந்த ஒரு குறுகலான பாருக்குப் போனார்கள். நடத்துகிறவள் ஓய்வுபெற்ற நர்ஸ். ஐந்து ஸ்டூல், ஒரு அடுப்பு. மலிவானது உருளைக்கிழங்கு சூப்தான்.

"வேணும்னேதானே கூட்டிட்டு வந்தீங்க?"

"எனக்கு மெனு தெரியாதுடா."

மைத்துனன் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தான். இன்னொரு ஸ்பூன். குமாஸ்தா பேனாவோடு காத்திருந்தார். பாதிக் கிண்ணத்தில் அவன் தலையைத் தூக்கி, "அம்மா, இதுல மாவு எப்பப் போடறீங்க?" என்று கேட்டான்.

"மாவா? எதுக்கு?" என்றாள் நர்ஸ். "கிழங்கை வேக வெச்சு அதிலேயே மசிச்சா தானா கெட்டியாகுது. கஞ்சியா காய்ச்சறோம், மாவு போட?"

அவன் இரண்டாவது கிண்ணம் கேட்டான். ரொட்டியால் துடைத்துச் சாப்பிட்டான். திரும்பி நடக்கும்போது இரண்டாவது சிக்னலில் நின்றான்.

"அத்தான், பதினொரு வருஷமுமா வேகல?"

"ஆமாம்."

"ஒரு வருஷம்கூடவா?"

"ரெண்டாவது வருஷம் ஒரு நாள் கொஞ்சம் வெந்திருந்தது."

அவன் தலையாட்டினான். கடைக்கு வந்ததும் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஒரு பியரைத் திறந்து முன்னால் வைத்தான். "எழுதுங்க. ஏழாவது, நர்ஸம்மா. சூப் நன்று."

எழுதினார்.

"எட்டாவது, நம்ம கடை."

"வேண்டாம்னியே?"

"மூக்கில்லாதவர் போட்டாத்தான் வேண்டாம். இது நான் சொல்றது." கடையை ஒரு சுற்றுப் பார்த்தான். "உட்கார நல்ல இடம். பியர் குளிர்ந்திருக்கும். சூப் வேண்டாம்."

குமாஸ்தாவின் பேனா நின்றது. "உங்க அக்கா இதை நான் எழுதினேன்னு நினைப்பா."

"நீங்கதானே எழுதறீங்க?"

"மூக்கு விஷயம்?"

"எந்த மூக்கு?"

அவர் எழுதி முடித்தார். மைத்துனன் தாளை வாங்கி, தன் கடை வரியை உதடு அசையப் படித்தான். சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தான். "நாளைக்கு அச்சா?"

"நாளைக்கு."

"'இப்போதைக்கு'ன்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கங்க."

குமாஸ்தா, 'சூப்'புக்கும் 'வேண்டாம்'முக்கும் நடுவே, சின்ன எழுத்தில் அதைச் சேர்த்தார்.