தம்பிக்கு ஆகாத நண்டு

என் தம்பிக்கு நண்டு ஆகாது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்குக் கோபமெல்லாம் என்மேல்தான். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் நான் விலங்கியல் சொல்லித் தருகிறேன். அதனால் இந்தத் தடையை நானே மருத்துவருக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று அவளுக்கு எண்ணம்.

தம்பியின் கல்லீரலுக்குச் செம்பை வெளியேற்றத் தெரியாது. பிறவிக் கோளாறு. சாப்பாட்டில் வருகிற துளிச் செம்பும் அங்கேயே தங்கும். பிறகு மூளைக்கும் ஏறும். கை நடுங்கி, பேச்சு குழறிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் காமாலை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அம்மா செம்புக் குடத்தில் ஊறிய தண்ணீரும் வாய்க்கால் நண்டு ரசமுமாகக் கொடுத்துத் தீர்த்திருந்தாள்.

"நண்டு ரத்தத்துலயே செம்பு இருக்குன்னு சொல்லுத. அது நல்லாத்தானட்டி ஓடித் திரியுது?" என்று ஒருநாள் கேட்டாள்.

வகுப்பில் சொல்வதையே சொன்னேன். செவுள் வழியாகவும் தீனி வழியாகவும் செம்பு உள்ளே போகும். பிராணவாயுவைச் சுமக்க நண்டின் ரத்தத்துக்கு அது வேண்டும். வேண்டியதை வைத்துக்கொண்டு, மிஞ்சியதை ஒரு சுரப்பியில் புரதத்தோடு கட்டி ஒதுக்கிவிடும்; கொஞ்சத்தை வெளியேயும் தள்ளும்.

"சேத்துல கெடக்கதுக்குத் தெரியுது. நான் பெத்ததுக்குத் தெரியலையா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வருடம் பாடம் நடத்தி என்னத்தைக் கிழித்தேன் என்றிருந்தது. கட்டிலில் கிடந்த தம்பிதான் குழறிக் குழறிப் பேச்சை மாற்றினான். "என்னைய உருக்கினா ஒரு டம்ளராவது தேறுமாக்கா?" சிரித்துவிட்டுக் கொல்லைக்குப் போய் அழுதேன்.

மாத்திரைகள் கேட்கவில்லை. வயிறு வீங்கியது. போன மாதம் ஆஸ்பத்திரியில் மருத்துவர் அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "இனிமே பத்தியம் ஒண்ணும் வேண்டாம். அவர் ஆசைப்பட்டதைக் கொடுங்க" என்றார். இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லை என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. அம்மாவின் முகமோ மாதக்கணக்கில் பார்க்காத மாதிரி மலர்ந்திருந்தது.

திரும்பும் வழியில் மார்க்கெட்டில் இறங்கியே ஆக வேண்டும் என்றாள். உவரியிலிருந்து வந்த நண்டு கூடையில் உயிரோடு கிடந்தது.

"எம் மவனுக்குக் கொணமாயிட்டு அண்ணாச்சி. நல்ல கனமாப் பாத்துப் போடுங்க" என்றாள் கடைக்காரரிடம்.

நான் பையை விரித்துப் பிடித்தேன்.