மாமியார் குரலுக்கு ஒரு புது ஊசி

என் மாமியார் உயிரோடு இருந்த காலத்தில் அவர் வாயைத் திறந்தால் நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன். இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான் ஓடியது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அதே குரலைக் கேட்பதற்காக நான் செய்த செலவையும் பட்ட பாட்டையும் மேலேயிருந்து பார்த்திருந்தால், அந்த அம்மாள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். சிரிக்கட்டும். எனக்கு வேண்டியதுதான்.

விஷயம் இதுதான். மாமியார் கல்யாணத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், அவர்கள் ஊர் மாதா கோயிலில் பாடகர் குழுவில் இருந்திருக்கிறார். அப்போதிருந்த பங்குச் சாமியார் யாரோ ஒரு வெளிநாட்டு நண்பரைப் பிடித்து, குழு பாடிய பாட்டுகளை இசைத்தட்டாகப் போட்டுவிட்டார். பாடிய ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு கொடுத்தார்களாம். அதில் மூன்றாவது பாட்டில் ஒரே ஒரு வரியை மாமியார் மட்டும் தனியாகப் பாடியிருக்கிறார். அதாவது, பாடியதாக அவர் சொல்வார். தட்டைப் போட்டுக் கேட்க அந்த வீட்டில் என்றைக்குமே மெஷின் இருந்ததில்லை. தட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், தலையணை உறைக்குள் தூங்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் வெளியே வரும். "மூணாவது பாட்டுல நான் தனியா பாடினேன், தெரியுமா?" என்பார். நான் அதை நயா பைசாவுக்கு நம்பியதில்லை. என் மனைவி நம்பினாள்.

போன வைகாசியில் மாமியார் இறந்ததும் தட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. மனைவியின் போனில் அம்மாவின் குரல் நிறையவே இருக்கிறது. வாட்ஸப்பில் அனுப்பியது. எல்லாம் திட்டு. "வஞ்சிரம் வாங்கி வெச்சினு இருக்கேன், வர்றியா இல்லியா?" என்று ஒன்று. "உன் வூட்டுக்காரன் போனை எடுக்க மாட்டானா, அவ்ளோ பெரிய கலெக்டரா அவன்?" என்று இன்னொன்று. ஒருநாள் இதையெல்லாம் வரிசையாகக் கேட்டுவிட்டு மனைவி சொன்னாள்: "அம்மா திட்டுறது எனக்கு மனப்பாடங்க. பாடுறத ஒரு வாட்டி கேக்கணும். அவங்க வருஷ நினைவுப் பூசைக்குள்ள எப்படியாவது கேக்கணும்."

அவள் என்னிடம் எதுவும் கேட்கிற ஆள் இல்லை. கேட்டுவிட்டாளே என்று எனக்கு உடம்பெல்லாம் வீராப்பு வந்துவிட்டது.

பொம்மையார்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்புகிறார், வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். மிக்ஸி, சைக்கிள், இரண்டு பூனைகள், ஒரு ரெக்கார்டு பிளேயர். சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கிற வகை, பச்சை நிறம். பூனையையும் சேர்த்துத் தலையில் கட்டப் பார்த்தார். நான் பிளேயரோடு தப்பி வந்தேன்.

வீட்டில் தட்டைப் போட்டோம். முதல் பாட்டு கரகரவென்று ஓடியது. இரண்டாவதும் எப்படியோ ஓடிவிட்டது. மூன்றாவது பாட்டின் நடுவில், எல்லாரும் பாடி நிறுத்தி, ஆர்மோனியம் மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும்போது, ஊசி "டக்" என்று எகிறி அடுத்த சரணத்தில் போய் விழுந்தது. மறுபடி வைத்தேன். அதே இடம், அதே டக். மனைவி என்னைப் பார்த்தாள். நான் பிளேயரைப் பார்த்தேன்.

"அக்கா, இது மெஷின் பிரச்சன. நான் பாத்துக்குறேன்," என்றான் அவள் தம்பி. இவன் அனுமந்தையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் காது கிழியக் கட்டுகிறவன். ஒலி சம்பந்தப்பட்ட எதற்கும் அவன் வைத்தியம் ஒன்றுதான்: ஸ்பீக்கரைப் பெரிசாக்கு. "மாமா, பட்ஜெட்ல முடிச்சிடலாம்," என்று சொல்லி, அவனிடம் சும்மா கிடந்த இரண்டு பெட்டிகளையே என் தலையில் கட்டினான். பாதி விலையாம். பூனையிடமிருந்து தப்பியவன் மச்சானிடம் மாட்டினேன். இதுவரை "டக்" என்று எகிறிக்கொண்டிருந்த ஊசி இப்போது "டொம்" என்று எகிறியது. அதிர்வில் பிளேயரே மேஜையில் ஊர்ந்தது. இரண்டாவது பாட்டும் எகிற ஆரம்பித்தது.

"வெயிட் பத்தல மாமா," என்று ஊசிக்கு மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்தான். எகிறியது. இரண்டு ரூபாய் வைத்தான். எகிறியது. ஐந்து ரூபாயை எடுத்தபோது நான் கையைப் பிடித்துக்கொண்டேன். "டேய், உண்டியலாடா இது?" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு நானே படிக்க ஆரம்பித்தேன். உப்பளத்தில் மேஸ்திரி வேலை எனக்கு. விடிவதற்கு முன்னால் போனால் பத்து மணிக்குள் வெயிலுக்கு முன் வந்துவிடலாம். அப்புறம் பகல் முழுக்கப் போனும் கையுமாகக் கிடந்தேன். குறைந்த செலவில் பிளேயரை மேம்படுத்துவது எப்படி என்று உலகத்தில் எத்தனை பேர் பேசுகிறார்கள்! ஒருவன் தட்டுக்கு அடியில் போடும் விரிப்பை மாற்றச் சொன்னான். தக்கை விரிப்பு வாங்கினேன். அதுவரை ரப்பர் விரிப்பின் மேல் எகிறிய ஊசி, தக்கையின் மேலும் சளைக்காமல் எகிறியது. இன்னொருவன் கனமான பலகை மேல் வை, மட்டமாக வை என்றான். சமையலறையில் சும்மா சாய்ந்திருந்த கடப்பாக்கல்லைத் தூக்கி வந்தேன். எனக்குத் தெரிந்த மட்டம் தண்ணீர் மட்டம்தான். பாத்தியை அப்படித்தான் சரிபார்ப்போம். சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றி, பிளேயர் மேல் வைத்து, எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்தாள். "பாவம், எங்கம்மாவுக்குப் படையலா?" என்று கேட்டாள். கோபத்தில் கேட்டாளா, கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

கடைசியில்தான் எல்லாரும் ஒரே குரலில் சொல்லும் ஒரு விஷயம் மண்டையில் ஏறியது. தட்டைத் தொடுவது ஊசி ஒன்றுதான், முதல் காசை அங்கே போடு, மற்றதெல்லாம் அப்புறம். எவ்வளவு சாதாரண விஷயம்! யானையை வாங்கி, அம்பாரி, மணி, பட்டுத்துணி எல்லாம் வாங்கிவிட்டு அங்குசத்தை மறந்திருக்கிறேன். கூரியரில் புது ஊசி வந்தது, கொசுவின் கால் அளவுக்கு. மாட்டினேன். அடேங்கப்பா! முதல் பாட்டில் யாரோ இருமுவதுகூடக் கேட்டது. ஆர்மோனியத்தின் துருத்தி மூச்சு விடுவது கேட்டது. மனைவி சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது பாட்டு. ஆர்மோனியம் இழுத்தது. டக்.

அவள் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள். திட்டியிருந்தால் தேவலை. வருஷப் பூசைக்கு ஒரு வாரம்கூட இல்லை.

ஊசி சரி, அப்படியானால் தட்டில்தான் அழுக்கு என்று முடிவு செய்தேன். கழுவும் முறையைப் போனில் பார்த்தேன். சுத்தமான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரே ஒரு சொட்டு, மெல்லிய துணி, நிழலில் காயவை. இது தெரியாதா? மோட்டார் போட்டு, குளிர்ந்த தண்ணீராக வரும்வரை ஓடவிட்டு, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலத் தட்டைக் குளிப்பாட்டினேன். மாடிப்படிக்குக் கீழே கடல்காற்று வாங்கும் இடத்தில் சாய்த்து வைத்தேன். அரை மணியில் காய்ந்துவிட்டது. போட்டேன். அய்யய்யோ! முதல் பாட்டே வேர்க்கடலை வறுத்தது.

சரி, அழுக்கு ஊறி மேலே வந்திருக்கிறது, இன்னொரு முறை கழுவினால் போய்விடும் என்று மறுபடி கழுவினேன். இன்னும் மோசம். மறுபடி கழுவினேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மருந்து மாதிரி கழுவினேன். வெள்ளிக்கிழமை ஊசி எந்தப் பாட்டிலும் நிற்கவில்லை, பனிக்கட்டியில் கால் வைத்தவன் மாதிரி ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே வழுக்கல். ஊசி விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று அவனுக்கு வாயில் வந்ததையெல்லாம் எழுதி அனுப்பினேன். அவன் கைகூப்பும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினான். அதைப் பார்த்து இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை மத்தியானம். மறுநாள் பூசை. மச்சான் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் ஒன்பதாவது முறை கழுவிக் காய்ந்த தட்டை எடுத்து வந்தேன். மனைவி அதை என் கையிலிருந்து வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். கறுப்புத் தட்டின் மேல் சாம்பல் பூத்த மாதிரி ஒரு வெள்ளை தெரிந்தது. விரலில் எச்சில் தொட்டு, தட்டின் மேல் தேய்த்து, விரலை நாக்கில் வைத்தாள்.

"உப்பு," என்றாள்.

எங்கள் தெருவில் எல்லார் வீட்டு போர்வெல்லிலும் உப்புத்தண்ணிதான். குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் அதுதான். குடிக்கக் கேன் தண்ணி. சின்ன வயதிலிருந்து இதிலேயே ஊறியதில் அது உப்புத்தண்ணி என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. தண்ணீரைப் பாய்ச்சு, மட்டமாகத் தேங்கவிடு, காற்றில் காயவிடு, பூத்து வரும் என்று இருபத்தாறு வருஷமாக ஆட்களை அதட்டி வேலை வாங்குகிற மேஸ்திரி நான். மாமியார் பாட்டின் மேல் வட்டமாக ஒரு பாத்தி கட்டி, ஒன்பது முறை உப்பு விளைவித்திருக்கிறேன்!

மச்சான் சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து தரைக்கு வந்துவிட்டான். "மாமா! இன்னும் ரெண்டு வாட்டி கழுவியிருந்தா மூட்டை பிடிச்சிருக்கலாம் மாமா! லாரி நான் சொல்றேன் மாமா!"

"வாயை மூடுடா மைக் செட்டு!" என்றேன். வேறென்ன சொல்வது?

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அம்மா இத ஈரத்துணியால தொடைச்சு வெப்பாங்க," என்றாள். "குழாத்தண்ணிதான், அங்கயும் உப்புதான். அப்புறம் வர்றவங்களுக்கெல்லாம் விரல வெச்சுக் காட்டுவாங்க. இங்கதான் நான் பாடுறேன், இங்கதான்னு அழுத்தி அழுத்தி." மூன்றாவது பாட்டின் நடுவில் இப்போதும் ஒரு மங்கல் திட்டு இருந்தது. நாற்பது கிறிஸ்துமஸ் உப்பும், விரல் பிசுக்கும், மீன் கையும் சேர்ந்து அந்த வரியின் மேலேயே உட்கார்ந்திருந்தன. பெருமை தாங்காமல் அந்த அம்மாள் தன் பாட்டைத் தானே அடைத்து வைத்திருக்கிறார். மச்சானின் சிரிப்பு அடங்கிவிட்டது.

அவனே வண்டியை எடுத்துக்கொண்டு போய், மெக்கானிக் கடையிலிருந்து பேட்டரிக்கு ஊற்றும், உப்பே இல்லாத தண்ணீர் இரண்டு பாட்டில் வாங்கி வந்தான். அகலமான அன்னக்கூடையில் முதலில் கேன் தண்ணீரை ஊற்றி, தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதம் நனையாமல், ஓரத்தை மட்டும் அமிழ்த்தி மனைவி மெள்ளச் சுற்றினாள். அந்தத் திட்டு இருந்த இடத்தை மட்டும் ஊறவிட்டு, ஊறவிட்டுத் தேய்த்தாள். கடைசியில் பேட்டரித் தண்ணீரில் ஒரு அலசல். என்னைத் தொடவே விடவில்லை. நியாயம்தான்.

சாயங்காலம் போட்டோம். ஊசியை அவளே வைத்தாள். நான் துண்டோடு தயாராக நின்றேன், அவள் அழுதால் கொடுக்க. முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. மூன்றாவது. எல்லாரும் பாடி நிறுத்தினார்கள். ஆர்மோனியம் இழுத்தது. ஊசி எகிறவில்லை.

ஒரு பெண் பாடினாள். தெருமுனை வரைக்கும் என்னைத் துரத்தி வந்து திட்டிய அந்தக் கணீர்க் குரல் இல்லை. நூல் மாதிரி மெல்லிசாக, நடுங்கிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கீழே வைக்கிற ஒரு குரல். ஒரே வரி. முடிவதற்குள் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் இத்தனை வருஷம் பொய் என்று சொன்னது எனக்கே சுருக்கென்று தைத்தது.

"அம்மாவா இது?" என்றான் மச்சான்.

மனைவி அழவில்லை. புதுச்சேரியில் காலேஜ் படிக்கும் எங்கள் மகளுக்கும் இப்போது பத்தொன்பதுதான். "பயந்துகினு இருக்கா பாருங்க," என்றாள். இருக்காங்க என்று சொல்லவில்லை. ஊசியைத் தூக்கி, பாட்டின் ஆரம்பத்தில் மறுபடி வைத்தாள். ஆர்மோனியம் வந்ததும் ஸ்பீக்கர் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். அதன் வலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"பயப்படாத கண்ணு," என்றாள். "நல்லாத்தான் பாடுற. பாடு."