இரண்டு வீட்டுக் காவல்

என் அக்காவைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. அவளிடம் உள்ள பெரிய குறையே அதுதான்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் தராசு பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இந்தப் பக்கம் ஒரு குன்றிமணி கூடிவிட்டால் அந்தப் பக்கமும் ஒரு குன்றிமணி வைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அவள் வீட்டு ஹாலில் இரண்டு கடிகாரங்கள் தொங்குகின்றன. ஒன்று எங்கள் அண்ணன் கொடுத்தது. இன்னொன்று அத்தானின் அண்ணன் கொடுத்தது. இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டி நான் பார்த்ததில்லை. "இதுல எது சரிக்கா?" என்று கேட்டால், "உன் போன்ல பாத்துக்கோயேன்" என்பாள். அவள் பெண்ணுக்கும் இரண்டு பெயர்கள், பக்கத்துக்கு ஒன்று. எந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பது என்று அலுத்துப்போய்த்தான் அந்தப் பெண் வெளியூரில் படிக்கப் போய்விட்டாள் என்று நான் சொல்வதுண்டு. அக்காவுக்குச் சிரிப்பு வராது.

அத்தான் நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் "அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்பார். அந்த அண்ணனை அக்கா "மாமா" என்பாள், நான் "பெரியத்தான்" என்பேன். போலீஸ் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் அண்ணனோ வீடு வாங்கி விற்கும் தரகர். இருவருக்கும் நடுவில் அக்கா. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது அடித்தால் சத்தம் போடும்.

அக்கா ஒரு சின்னக் கண் மருத்துவமனையில் முன் மேசையில் இருக்கிறாள். டோக்கன் கொடுப்பது, கண்ணில் மருந்து விட்டவர்களை உட்கார வைப்பது, "என்னைவிட அவர் எப்படி முன்னாடி போனார்" என்று சண்டைக்கு வருபவர்களைச் சமாதானம் செய்வது எல்லாம் அவள்தான். அந்த டாக்டருக்கு வயதாகிவிட்டது, மருத்துவமனையை மூடப்போகிறார். அக்கா யாரிடமும் சொல்லாமல் ஒரு பெரிய மருத்துவமனைக்கு விண்ணப்பம் போட்டாள். வரவேற்புப் பிரிவு முழுவதையும் மேற்பார்வை பார்க்கும் வேலை. முதல் இரண்டு சுற்றில் தேறியும் விட்டாள். கடைசி நேர்காணல் சனிக்கிழமை மூன்று மணிக்கு, வீடியோவில். தவறவிட்டால் மறுவாய்ப்பு கிடையாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அவள் வாழ்நாளில் தனக்கென்று கேட்ட முதல் விஷயம் அது. என்னிடம்கூட பாசத்தால் சொல்லவில்லை. லேப்டாப் வேலை செய்யாததால் சொன்னாள்.

"பிரவுசர் பட்டு பட்டுன்னு மூடிக்குதுடி."

"எப்போ மூடுது?"

"அதுக்குத் தோணுறப்போல்லாம்."

நான் குடிநீர் வாரிய அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருக்கிறேன். வாரம் முழுவதும் இந்தப் பதிலைக் கேட்கத்தான் சம்பளம் வாங்குகிறேன். சனிக்கிழமையும் கேட்க வேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது. என்னுடைய லேப்டாப்பைக் கொடுத்துவிடலாம் என்றால் அது ஆபீஸ் சொத்து, கேமராவையே அடைத்து வைத்திருக்கிறார்கள். போனில் அந்த நேர்காணல் பக்கம் திறக்கவே திறக்காது. ஆக, அவளுடைய லேப்டாப்பை விட்டால் கதியில்லை. காலையிலேயே போய்விட்டேன்.

"நீ என்னக்கா பண்ணினே?"

"நான் ஒண்ணுமே பண்ணல."

இதைச் சொல்லாத மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சரி என்று உட்கார்ந்தேன். செய்தித்தாள் பக்கம் திறந்தது. பேருந்து நேரம் பார்த்தேன், திறந்தது. சமையல் வீடியோ ஒன்று முழுவதுமாக ஓடியது. பத்தினிபோல நடந்துகொண்டது அந்த பிரவுசர். மருத்துவமனை அனுப்பியிருந்த இணைப்பைத் திறந்து, 'உங்கள் கேமராவைச் சோதிக்க' என்ற பொத்தானை அழுத்தினேன். கேமரா விளக்கு ஒரு முறை மினுக்கியது. பிரவுசர் போய்விட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

பிரவுசரோடு ஒட்டியிருந்த எக்ஸ்டென்ஷன்களை எல்லாம் நிறுத்தினேன். மினுக்கியது, போனது. சேர்ந்து கிடந்த குப்பையைத் துடைத்தேன். போனது. பிரவுசரை அடியோடு எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். இந்த முறை விளக்குகூட மினுக்காமல் போனது. வேறு பிரவுசர் ஒன்றை இறக்கினேன். புதுப் பெண் மாதிரி இருக்கிறதே என்று பார்த்தால் அதுவும் பழையதன் வழியிலேயே போய்ச் சேர்ந்தது. அக்கா பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு முறையும் "இப்ப சரியாயிடுச்சா?" என்றாள். நான்காவது முறை நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இல்லாவிட்டால் லேப்டாப்பைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன்.

கோளாறு பிரவுசரில் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. கணினி எழுதி வைத்திருந்த விபத்துக் குறிப்பைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கடைசியாகக் கைவைத்திருந்தவை இரண்டு கோப்புகள். இரண்டும் ஆன்ட்டிவைரஸுக்குச் சொந்தமானவை. ஒரே ஆன்ட்டிவைரஸுக்கு அல்ல, இரண்டு தனித்தனி ஆன்ட்டிவைரஸுக்கு. திருடன் யாரும் கேமராவைத் திறந்துவிடக் கூடாது என்று இரண்டும் காவல் காத்தன. பிரவுசர் கேமராவைக் கேட்டதும் இரண்டும் பாய்ந்து பிரவுசரின் கழுத்தைப் பிடித்தன. ஒரு உறையில் இரண்டு கத்தி. கிழிந்தது உறைதான்.

"அக்கா, எதுக்கு ரெண்டு ஆன்ட்டிவைரஸ்?"

அக்கா முந்தானையைத் திருகினாள். "லேப்டாப் வாங்கினப்போ மாமா வந்து ஒண்ணு போட்டுக் குடுத்தாங்க. அப்புறம் அண்ணன் வந்தப்போ, என் தங்கச்சிக்கு நான் போட மாட்டேனான்னு இன்னொண்ணு…"

"ஏற்கெனவே ஒண்ணு இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிடி சொல்றது? அண்ணன் ஆசையா வந்திருக்கறப்போ."

உலகத்தில் எத்தனையோ கணினிகளைப் பார்த்திருக்கிறேன். சம்பந்திகள் மனம் கோணக் கூடாது என்பதற்காகச் செத்துக்கொண்டிருந்த கணினி இது ஒன்றுதான்.

"ஏதாவது ஒண்ணை எடுத்தா போதும். எதை எடுக்கட்டும்?"

"நீயே பாத்து…"

"எதைன்னு சொல்லுக்கா."

"ரெண்டும் இருக்கிற மாதிரி ஏதாவது வழி இல்லையா?"

இதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் போன சமயம் பார்த்து, அண்ணனுடையதைச் சோதனைக்காக நிறுத்தினேன். நிறுத்தி முடிக்கவில்லை, அக்காவின் போன் அடித்தது. அண்ணன்தான். அது அவன் கணக்கில் வாங்கியது, அணைத்தால் அவன் போனுக்குத் தகவல் போகுமாம்.

"என்னம்மா, பாதுகாப்பு இல்லைன்னு வருது? யார் ஆஃப் பண்ணினது?"

நான் போனை வாங்கி விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "அப்போ இத்தனை நாளா அவரோடதும் உள்ள இருந்துச்சா?" என்றான் அண்ணன். வீட்டுக்குள் பாம்பு புகுந்த செய்தியைக் கேட்டவன் குரல் அது. "எதையும் தொடாதீங்க. நான் வரேன்." அங்கிருந்தபடியே தன் போனில் அதைத் திரும்ப ஓடவும் விட்டுவிட்டான்.

சரி, பெரியத்தானுடையதை எடுத்துத் தொலைப்போம் என்று பார்த்தால் அது பாஸ்வேர்ட் கேட்டது. அதை நீக்க அவர் தனியாக ஒரு பாஸ்வேர்ட் போட்டு வைத்திருந்தார். அக்கா அவரைக் கூப்பிட்டு, ஒரு மீட்டிங் இருக்கிறது, அவசரம் என்று மட்டும் சொன்னாள்.

"பாஸ்வேர்டை எல்லாம் போன்ல சொல்லக் கூடாதும்மா," என்றார் பெரியத்தான். "நேர்லயே வந்துடறேன்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் அலுவலகச் சுவரில் நானே அதை எழுதி ஒட்டியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து இறங்கினார்கள். அடித்துக்கொண்டிருந்தால்கூட ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர்கள் மரியாதை கொடுத்துக்கொண்டார்கள்.

"நீங்க பெரியவங்க. உங்களோடதே இருக்கட்டும். என்னோடதை எடுத்துடலாம்," என்றான் அண்ணன், சோபாவின் நுனியில் உட்கார்ந்து.

"அதெப்படி? கூடப் பிறந்தவர் ஆசையா வாங்கிக் குடுத்தது. என்னோடது போனா என்ன இப்போ? நாங்க என்ன தப்பா நினைக்கப் போறோமா?" என்றார் பெரியத்தான். தப்பாகத்தான் நினைக்கப்போகிறார் என்பது சுவருக்குக்கூடத் தெரிந்தது.

"என்னோடது கொஞ்சம் விலை கூடினது. அதைப் பாக்காதீங்க."

"விலையில என்னங்க இருக்கு? என்னோடதை எங்க இலாகாவுலயே போட்டிருந்தாங்க. அதை விடுங்க."

யாருடையதும் போகவில்லை. விட்டுக்கொடுப்பதில் யார் பெரியவர் என்ற போட்டியில் மணி இரண்டரை தாண்டியது. அக்கா இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்து வைத்தாள். யாருக்கு முதலில் வைப்பது என்ற பிரச்சினை வரக் கூடாது என்று தட்டை நடுவில் வைத்தாள். அப்போது எனக்கு வந்த கோபம் அந்த இரண்டு பேர்மேல்கூட இல்லை. நேர்காணலுக்கென்று தலைவாரிப் பொட்டு வைத்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, இவர்களுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருக்கிறாளே, அவள்மேல். அவளைக் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துவந்து கதவைச் சாத்தினேன்.

"இந்த வேலை உனக்கு வேணுமா வேணாமா? வேணாம்னா சொல்லிடு. நான் வீட்டுக்குப் போய்த் தூங்கறேன்."

அவள் மேசைமேல் லேப்டாப்பில் திறந்திருந்த மருத்துவமனையின் பக்கத்தையே பார்த்தாள். அதில் அவளுடைய பெயரும் நேரமும் போட்டு, 'காத்திருக்கிறோம்' என்று இருந்தது. கண் நிறைந்துவிட்டது. எனக்குச் சங்கடமாகப் போயிற்று. கொஞ்சம் அதிகமாகத்தான் கத்திவிட்டேனோ என்று நினைப்பதற்குள் அவள் கதவைத் திறந்தாள்.

"மாமா, ஒரு நிமிஷம் உள்ள வந்து அந்த பாஸ்வேர்டை அடிச்சிடுங்க."

பெரியத்தான் வந்தார். அண்ணனைப் பார்க்காமல், தோற்றுவிட்டவர் முகத்தோடு, ஒரு கையால் மறைத்துக்கொண்டு அடித்தார். அண்ணனுக்கு ஹாலில் முகம் மலர்ந்தது. அக்கா அவரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டையும் எடுத்துடு."

"ஒண்ணு போதும்க்கா."

"ரெண்டையும் எடுன்னு சொல்றேன்ல?"

எடுத்தேன். இரண்டுமே லேசில் போகவில்லை. எங்களைப் பிரிய என்ன காரணம், நிச்சயமாக நீக்கத்தான் வேண்டுமா, இன்னொரு முறை யோசிக்கலாமே என்று உறவுக்காரர்கள் மாதிரியே கெஞ்சின. அண்ணனுடைய போன் ஹாலில் அலறியது. "ஏம்மா! என்னோடதும் போயிடுச்சும்மா!" என்று அவன் கத்தினான். அக்கா கதவின் தாழ்ப்பாளைப் போட்டாள். லேப்டாப்போடு வந்த காவலே போதும், அதுவாகவே விழித்துக்கொள்ளும் என்று அவளிடம் சொன்னேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. ரீஸ்டார்ட் ஆவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. திரையில் அக்காவின் முகம் வந்தது.

சார்ஜர் பிளக் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. பேட்டரியை நம்ப முடியாது. அதனால் நேர்காணல் முழுவதும் நான் மேசைக்குக் கீழே பிளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே ஒரு பெண்மணியும் ஒரு ஆணும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அக்கா நன்றாகவே சொன்னாள். முன் மேசையில் சண்டை வந்தால் என்ன செய்வாள் என்பதற்கெல்லாம் அவள் யோசிக்கவே இல்லை. கதவுக்கு வெளியே பேச்சு நின்றுபோயிருந்தது. கதவின் அடி இடுக்கில் இரண்டு ஜோடிக் கால்களின் நிழல் தெரிந்தது.

கடைசியில் அந்தப் பெண்மணி சொன்னார்: "எங்களுக்குத் திருப்திதான். ஆனா ராத்திரி ஷிஃப்ட்டும் வரும். போன தடவை எடுத்தவங்க, வீட்டுல ஒத்துக்கலன்னு ஒரே வாரத்துல நின்னுட்டாங்க. நீங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட எல்லாம் பேசிட்டீங்களா?"

போச்சு என்று நினைத்தேன். அண்ணனிடம் ஒரு வார்த்தை, மாமாவிடம் ஒரு வார்த்தை, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று ஆரம்பிக்கப்போகிறாள், அவ்வளவுதான். எட்டி அவள் காலைக் கிள்ளலாமா என்று பார்த்தேன். அவள் கால் ஆடாமல் இருந்தது.

"வர்றதுன்னு முடிவு பண்ணிட்டேங்க. யார்கிட்டயும் கேக்கல," என்றாள் அக்கா. "வீட்டுப் பெரியவங்க கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிக்கறாங்க. இப்ப அவங்க காதுலயும் விழுந்திருக்கும்."

அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். கதவின் அடி இடுக்கில் இருந்த நிழல்கள் விலகின. ஒன்றாம் தேதி வர முடியுமா என்று அவர் கேட்க, நான் பிளக்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.